தலைப்பாகையோடு ஒரு வழிபாடு: தன்மதிப்பு ஆன்மிகத்தை மாற்றிய வரலாறு

கடவுள் முன் நிற்கும் மனிதர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய வழிபாடு அமைகிறது. தாம் எதற்கும் உதவாதவர், அருளுக்குத் தகுதியற்றவர் என்று நம்புகிறவரின் பிரார்த்தனையில் அச்சம்தான் மேலோங்கும். தண்டனை வராமல் இருக்க வேண்டும், கோபம் தணிய வேண்டும் என்பதற்கு மேல் கேட்க அவருக்குத் துணிவு வராது. தமக்குள்ளும் இறைவன் இருக்கிறான் என்று நம்புகிறவர் அப்படி நிற்பதில்லை. அவர் நன்றி சொல்வார், உரிமையோடு முறையிடுவார், சில நேரம் எதுவும் கேட்காமல் நிற்பார். கோயிலை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த நம்பிக்கை அவருடைய நடையிலும் பேச்சிலும் தெரியும்.

தன்மதிப்பு என்பது ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் தனியாக வளர்த்துக்கொள்ளும் குணம் என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அது சமூகத்தின் கையிலும் இருக்கிறது. ஒரு கூட்டத்தாரைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தினால், அவர்களுடைய கடவுளும் தள்ளித்தான் நிற்பார். அந்த நிலை எப்படி மாறும், மாறும்போது வழிபாடு என்னவாகும் என்பதைக் காட்ட, 19ஆம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அய்யா வைகுண்டர் தொடங்கிய அய்யாவழி என்னும் சமய நெறியின் வரலாறு அது.

உடலில் எழுதப்பட்ட தாழ்வு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் சாதி என்பது ஒருவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எதை உடுத்த வேண்டும், எந்த வழியில் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் வரையறுத்த சட்டமாக இருந்தது. நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலிய சாதியினர் உயர்சாதியினரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன்நகை பூணவும் தடை. பெண்கள் இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் எடுத்து வரவும் கூடாது, மார்பை மறைக்கவும் கூடாது. தலைவரி உட்பட அடுக்கடுக்கான வரிகள் ஏழைகளின் தலையில் விழுந்தன. கூலி இல்லாத ஊழிய வேலையும் அவர்களுடையதே. இவர்களில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளாக இருந்தார்கள். அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை அங்கே 1855இல்தான் வந்தது.

பெரியவர் எதிரே வந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகு வளைத்து நிற்க வேண்டும். ஒரு நாள் அப்படி நின்றால் அது அவமானம். வாழ்நாள் முழுவதும் நின்றால் அதுவே ஒருவர் தம்மைப் பற்றி அறிந்த உண்மையாகிவிடும். பிள்ளைகள் தந்தையைப் பார்த்துக் கற்பதும் அந்த வளைந்த முதுகைத்தான்.

கோயிலும் இதே கணக்கில்தான் நடந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் போன்ற பெருங்கோயில்களுக்குள் இந்த மக்கள் கால் வைக்க முடியாது. சுவாமி உள்ளே இருக்கிறார், நமக்கு அவர் இல்லை என்பதுதான் அவர்கள் அறிந்த இறையியல். அவர்களுக்கு எஞ்சிய வழிபாட்டில் பயத்துக்குப் பெரிய இடம் இருந்தது. நோய் வந்தால் பேய் பிடித்தது என்றார்கள், மழை பொய்த்தால் தெய்வக் குற்றம் என்றார்கள். ஆடும் கோழியும் பலியாயின. பரிகாரச் செலவுக்குக் கடன் வாங்கினார்கள். ஊர்த் தெய்வங்கள் எல்லாமே பயமுறுத்தும் தெய்வங்கள் என்று சொல்ல முடியாது. காவல் தெய்வங்களிடம் மக்களுக்கு ஆழ்ந்த அன்பும் இருந்தது. ஆனாலும் மனிதர்களில் மேலே இருந்தவர்கள் காரணமின்றி அடிப்பவர்களாக இருந்த ஓர் ஊரில், மனிதருக்கு மேலே இருந்த சக்திகளும் காரணமின்றி அடிப்பவையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பெயர் மறுக்கப்பட்ட குழந்தை

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள சாமித்தோப்பில் 1809இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று உயர்சாதியினர் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தாழ்த்தப்பட்டவர் வாழ்வில் தன்மதிப்பு எத்தனை சீக்கிரம் பறிக்கப்பட்டது என்பதற்கு இந்தச் செய்தியே போதும். தொட்டிலிலேயே அது தொடங்கிவிட்டது.

முத்துக்குட்டிக்கு இருபது வயதுக்கு மேல் கடும் நோய் வந்தது. 1833ஆம் ஆண்டு மாசி மாதம் தாயும் உறவினரும் அவரைத் திருச்செந்தூர்த் திருவிழாவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கி மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் நாராயணனின் மைந்தனாக, வைகுண்டராக எழுந்து வந்தார் என்றும் அய்யாவழி மக்கள் நம்புகிறார்கள். அவர் கரையேறிய மாசி 20ஆம் நாளை அவருடைய அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள். இன்றும் அந்த நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது.

சாமித்தோப்புக்குத் திரும்பிய வைகுண்டர் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். அவரைத் தேடி மக்கள் வந்தார்கள். நீரும் மண்ணுமே மருந்தாகத் தரப்பட்டன. கூட்டம் பெருகியதும் சமஸ்தானம் விழித்துக்கொண்டது. சுவாதித் திருநாள் ஆட்சியில், 1830களின் இறுதியில், அவரைக் கைது செய்து திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சொந்தச் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக் கொடுத்தால் விடுவிப்பதாகச் சொன்னார்கள் என்றும், அவர் அதற்கு இணங்க மறுத்துவிட்டார் என்றும் மரபு சொல்கிறது. விடுதலையாகி வந்தவர் 1851இல் மறையும் வரை சாமித்தோப்பையே மையமாகக் கொண்டு இயங்கினார். அவருடைய சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதியதாகக் கருதப்படும் அகிலத்திரட்டு அம்மானை அய்யாவழியின் தலையாய நூல். நெடுங்காலம் ஏட்டில் இருந்த அது 1939இல் அச்சேறியது.

தலைப்பாகை, திருநாமம், கண்ணாடி

வைகுண்டர் மக்களிடம் நீங்கள் தாழ்ந்தவர்கள் அல்லர் என்று வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. வழிபடும் முறையையே அதற்கேற்ப மாற்றி அமைத்தார். தலைமுறைகளாக உடலைக் கொண்டு கற்பிக்கப்பட்ட தாழ்வை உடலைக் கொண்டுதான் மறக்கச் செய்ய முடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

முதலாவது தலைப்பாகை. அய்யாவழியின் வழிபாட்டுத் தலங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் தலையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வழிபட வேண்டும். மற்றக் கோயில்களில் இறைவன் முன் தலைத்துணியை எடுத்துவிடுவது மரியாதை. இங்கே கட்டிக்கொள்வதே மரியாதை. சாலையில் கக்கத்துக்குப் போன துண்டு, கடவுளின் சந்நிதியில் தலைக்கு ஏறியது. முடிசூடும் பெயர் மறுக்கப்பட்டவர், தம்மைத் தேடி வந்த ஒவ்வொருவரையும் முடி சூடியவராக இறைவன் முன் நிறுத்தினார்.

இரண்டாவது திருநாமம். புருவ நடுவிலிருந்து மேல்நோக்கிச் சுடர் போல நெற்றியில் வெண்மண் இடப்படுகிறது. உள்ளிருக்கும் ஆன்மாவின் ஒளிக்கு அது அடையாளம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். பதியின் உள்ளறையைப் பள்ளியறை என்பார்கள். அதில் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி ஒன்று நிற்கிறது, அதன் முன் இரு பக்கமும் விளக்குகள் எரிகின்றன. தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, கைகூப்பி நிற்கும் பக்தர் நிமிர்ந்து பார்த்தால் விளக்கு வெளிச்சத்தில் தெரிவது தம் உருவம்தான். வெயிலில் கறுத்த முகம், உழைத்துக் காய்ப்பேறிய கை, நெற்றியில் ஒரு சுடர். இறைவனைக் காண வந்தவருக்கு அவரையே காட்டி, இங்கேயும் அவன் இருக்கிறான் என்று உணர்த்தும் ஏற்பாடு இது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது விளங்கும். உயிருக்குள் இறைவன் உறைகிறான் என்று நம் மரபின் நூல்கள் பல காலமாகச் சொல்லிவந்த கருத்தை, அந்த நூல்களைத் தொடும் உரிமைகூட இல்லாதவர்களின் கண்முன் இது நிறுத்தியது.

சாமித்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுசீந்திரம் கோயில், 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்புக்குப் பிறகுதான் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. வைகுண்டர் திருச்செந்தூரிலிருந்து திரும்பி அப்போது நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. திறக்காத கதவின் முன் அந்த மக்கள் நூறு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. தாங்கள் நிற்கும் இடமே சந்நிதி என்று அறிந்து வழிபட்டார்கள்.

கிணறும் பந்தியும்

தன்மதிப்பு உணர்வாக மட்டும் இருந்தால் விரைவில் வடிந்துவிடும். பழக்கமாக மாறினால்தான் நிலைக்கும். சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு என்று ஒரு கிணறு உண்டு. ஒரு சாதியார் தொட்ட தண்ணீரை இன்னொரு சாதியார் தொடாத காலத்தில், எல்லாச் சாதியாரும் அதில் நீர் எடுத்தார்கள், குளித்தார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பந்தியும் நடந்தது. பக்கத்தில் இருப்பவரின் சாதியைக் கேட்காமல் உண்கிறவருக்குத் தம் சாதியைப் பற்றிய கூச்சமும் மெல்ல மறைகிறது. தம் மதிப்பும் அடுத்தவர் மதிப்பும் ஒரே இலையில் பரிமாறப்படுகின்றன.

துவையல் தவசு என்ற பயிற்சி இன்னும் கடுமையானது. எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் உள்ள வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் தங்கி, நாள்தோறும் மூன்று வேளை குளித்து, துணிகளைத் துவைத்து, ஒரு வேளை மட்டும் சைவ உணவு உண்டு வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், தங்கள் தூய்மைக்குத் தாங்களே பொறுப்பேற்றுக்கொண்ட செயல் அது. யாரும் வந்து அவர்களைத் தூய்மைப்படுத்தவில்லை. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய திருநாளைப்போவார் வேள்வித் தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே நுழைய முடிந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. பக்தியின் உச்சத்திலும் பிறப்பு ஒரு குறையாகவே அந்தக் கதையில் நிற்கிறது. தீயைத் தாண்டாமல் சந்நிதி இல்லை. வைகுண்டரின் பள்ளியறைக்கு முன் அப்படி ஒரு தீ இல்லை. கிணற்று நீரில் குளித்துவிட்டு யாரும் போகலாம்.

பயம் விலகிய பிரார்த்தனை

தன்மதிப்பு பிறந்ததும் வழிபாட்டின் உள்ளடக்கமும் மாறியது. காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம், உயிர்ப்பலி வேண்டாம் என்று வைகுண்டர் போதித்தார். பேய்களுக்கு அஞ்சிப் பரிகாரம் தேடுவதை நிறுத்தச் சொன்னார். இதற்குள் ஓர் ஆழ்ந்த உளவியல் இருக்கிறது. கடவுளுக்குக் கையூட்டு கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர், தமக்கு அருள் கிடைக்க வேறு வழி இல்லை என்று நம்புகிறார். தாம் அவனுடைய பிள்ளை என்று உணர்ந்தவருக்குக் கையூட்டின் தேவை இல்லை. பிள்ளைக்குச் சோறு போடத் தாய் கட்டணம் கேட்பதில்லை.

அந்த இடத்தை வைகுண்டர் தர்மத்தால் நிரப்பினார். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதே அறம் என்பது அய்யாவழியின் மையப் போதனை. இறைவனைச் சாந்தப்படுத்தச் செலவான பொருளும் உழைப்பும் பசித்தவர்களுக்கு அன்னமாக மாறின. பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் அன்னதர்மம் இன்றும் வழிபாட்டின் பகுதியாகவே நடக்கிறது. பயத்தால் கொடுப்பவரின் பார்வை மேலே இருப்பவர் மீதே இருக்கும். தன்மதிப்போடு கொடுப்பவரின் பார்வை பக்கத்தில் இருப்பவர் மீது விழுகிறது.

அகிலத்திரட்டு இந்த மக்களின் வரலாற்றையும் புதிதாகச் சொல்லிக் கொடுத்தது. இழிபெயரால் அழைக்கப்பட்டவர்களை அது சான்றோர் என்று அழைத்தது. அவர்களுடைய துன்பத்துக்கு முற்பிறவிப் பாவத்தைக் காரணம் காட்டாமல், கலி என்னும் தீமையின் கொடுமையே காரணம் என்றது. துன்பத்தின் காரணம் தன் குற்றம் என்று நம்புகிறவர் தலை குனிந்து பொறுத்துக்கொள்வார். காரணம் அநீதி என்று அறிந்தவர் அது நீங்க வேண்டும் என்று பிரார்த்திப்பார், பாடுபடவும் செய்வார். வினைப்பயன் என்று ஒடுங்கிக் கிடந்த மனங்களில் தர்மயுகம் வரும் என்ற நம்பிக்கை துளிர்த்தது இப்படித்தான்.

இதே மண்ணில் இன்னொரு வழியிலும் இந்த மாற்றம் நடந்தது. 1806இல் இங்கே வந்த கிறிஸ்தவ மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த லண்டன் மிஷன் பணியாளர்கள் நாகர்கோவில் பகுதியில் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்தினார்கள். கடவுள் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று கேட்ட பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினார்கள். அதற்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் அடிபட்டார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அப்போதும் இருந்தது. மதம் எதுவானாலும், கடவுள் முன் தமக்கு மதிப்பு உண்டு என்று நம்பியவர்கள் மனிதர் முன் அடங்கிக் கிடக்க மறுத்தார்கள் என்பதே இந்த இரண்டு வரலாறுகளும் தரும் செய்தி.

ஆற்றில் எடுத்த கல், களவங்கோட்டுக் கண்ணாடி

வைகுண்டர் மறைந்து சில ஆண்டுகளில், 1850களின் நடுவில், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர் நாராயண குரு. சாமித்தோப்புக்கு அருகே உள்ள மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாக நிறுவினார். பிராமணர் அல்லாதவர், அதிலும் தீண்டாமைக்கு உட்பட்ட சாதியில் பிறந்தவர், பிரதிஷ்டை செய்யலாமா என்று கேள்வி எழுந்தது. தாம் நிறுவியது ஈழவச் சிவன்தான் என்று அவர் அமைதியாகப் பதில் சொன்னதாகக் கேரளம் முழுவதும் சொல்வார்கள். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்பாக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதியும் வைத்தார்.

அவர் நிறுவிய சந்நிதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பயணம் தெரியும். தொடக்கத்தில் சிவலிங்கம் முதலிய தெய்வ வடிவங்கள். பிறகு காரமுக்கில் ஒரு விளக்கு. முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற சொற்கள். இறுதியாக 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில், ஓம் என்ற எழுத்துப் பொறித்த கண்ணாடி. கோயில் மறுக்கப்பட்டவர்களுக்கு முதலில் கோயில் கொடுத்தார். கோயிலுக்குள் வந்தவர்களை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கும் அறத்துக்கும் அழைத்துச் சென்று, முடிவில் அவர்களையே அவர்களுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். வேறு வேறு வழிகளில் நடந்த இரு ஞானிகள் ஒரே கண்ணாடியில் வந்து சேர்ந்ததற்கு அவர்கள் முன் நின்ற மக்களின் தேவையே காரணம். தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியது தம்மிடமே ஒரு மரியாதை.

அடியார் பணிவும் அடிமைப் பணிவும்

தன்மதிப்பு பக்திக்கு ஆகாது என்ற கருத்தும் நம்மிடம் வலுவாக இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஆணவத்தை மும்மலங்களில் முதலாவதாக வைக்கிறது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழாகச் சொல்லிக்கொள்கிறார். ஆழ்வார்கள் அடியார்க்கு அடியாராக இருப்பதையே பேறு என்கிறார்கள். அப்படியானால் தலைப்பாகையும் கண்ணாடியும் ஆணவத்துக்கு இடம் கொடுக்காதா என்று கேட்பது நியாயமே.

விடையை அப்பர் என்னும் திருநாவுக்கரசரின் வாழ்க்கையில் காணலாம். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது திருநாவுக்கரசர் போக மறுத்தார். தாம் யாருக்கும் குடியல்ல, எமனுக்கும் அஞ்சுவதில்லை என்ற பொருளில் அப்போது பாடினார். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறிதல் என்று அடுத்தடுத்து வந்த தண்டனைகளைப் பெரியபுராணம் விவரிக்கிறது. அதே அப்பர்தான் கோயில் கோயிலாகச் சென்று உழவாரப் படையால் புல் செதுக்கினார். இறைவன் முன் எவ்வளவு பணிந்தாரோ, அரசன் முன் அவ்வளவு நிமிர்ந்தார். அந்தப் பணிவுதான் அந்த நிமிர்வைத் தந்தது. தம்மை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒருவனிடம் தம்மை ஒப்படைத்தவருக்கு வேறு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

அடியார் தாமே விரும்பித் தாழ்கிறார். அன்பின் மிகுதியால் தாழ்கிறார். அவர் குனிவது இறைவனிடம் மட்டும். அடிமை பிறரால் தாழ்த்தப்படுகிறார். அவருடைய குனிவில் அன்பு இல்லை, பயம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்க முடிந்தவரின் வணக்கத்துக்குத்தான் பொருள் உண்டு. நிமிரவே அனுமதிக்கப்படாதவரிடம் தன்னை மறந்துவிடு என்று போதிப்பது கொடுமை. அவரிடம் மறப்பதற்கு ஒரு தான் இன்னும் உருவாகவே இல்லை. வைகுண்டரும் நாராயண குருவும் பக்தியிலிருந்து பணிவை நீக்கவில்லை. பயத்தைத்தான் நீக்கினார்கள்.

உளவியல் சொல்வது

சமயத்தையும் மனத்தையும் சேர்த்து ஆராய்ந்த உளவியலாளர்களும் இதை வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் பென்சன், பெர்னார்ட் ஸ்பில்கா இருவரும் 1973இல் கத்தோலிக்க மாணவர்களிடையே நடத்திய ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. தம்மை மதித்த மாணவர்கள் கடவுளை அன்பானவராக உணர்ந்தார்கள். தம்மைக் குறைவாக எண்ணியவர்களிடம் தண்டிக்கும் கடவுளின் உருவம் மேலோங்கியது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், துன்பம் வரும்போது மனிதர்கள் சமயத்தை நாடும் விதத்தை இரண்டாகப் பிரித்தார். கடவுள் துணை நிற்கிறார் என்று தேறுவது ஒன்று, கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று துவளுவது மற்றொன்று. இரண்டாவது வகை மனச்சோர்வோடும் கலக்கத்தோடும் சேர்ந்தே காணப்படுகிறது என்பது அவரும் பிறரும் செய்த ஆய்வுகளின் முடிவு.

இதில் எது முதல், எது பின் என்று பிரிப்பது எளிதல்ல. தன்னை மதிப்பவருக்குக் கடவுள் அன்பானவராகத் தெரிகிறார். அன்பான கடவுளை நம்புகிறவர் தம்மை மதிக்கவும் கற்கிறார். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. ஆகவே சமயத்தைக் கற்பிப்பவர்களின் பொறுப்பு பெரிது. சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டி வளர்க்கும் குழந்தைக்குக் கடவுளும் கற்பிக்கப்படுகிறார், அந்தக் குழந்தையின் மதிப்பும் கற்பிக்கப்படுகிறது. மாதவிலக்கு நாட்களில் தன் உடலையே தீட்டாக எண்ணி ஒதுங்கும் பெண்ணுக்கும், உடற்குறையை முற்பிறவிப் பாவம் என்று கேட்டு வளர்ந்தவருக்கும், தொழிலின் பெயரால் இன்றும் வாசலோடு நிறுத்தப்படுகிறவருக்கும் நடப்பது இதுதான்.

தன்மதிப்பு பிசகும் இடம்

தன்மதிப்பு செருக்காக மாறும் ஆபத்தும் உண்மையானது. தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் தன் மதிப்பை மீட்ட பிறகு, அதைச் சாதிப் பெருமையாகச் சுருக்கிக்கொள்வது நம் நாட்டில் பல முறை நடந்திருக்கிறது. அகிலத்திரட்டு போற்றும் சான்றோர் ஒரு சாதியாரா, அறவழி நடக்கும் எல்லா மக்களுமா என்ற விவாதம் அய்யாவழிக்குள்ளும் உண்டு. முத்திரிக்கிணற்றில் எல்லோரும் நீர் எடுத்ததையும், சாதி எல்லைக்குள் அடங்க மறுத்த வைகுண்டரின் சிறை வரலாற்றையும் நினைத்தால், பரந்த பொருளே அவருடைய மனத்துக்கு நெருக்கமானது என்று கொள்ளலாம்.

தனி மனிதரிடமும் இந்தப் பிசகு நேரும். விரதம் இருப்பதால், நூல் அறிவால், குருவின் நெருக்கத்தால் தாம் மற்றவரைவிட உயர்ந்தவர் என்ற எண்ணம் வருவதுண்டு. அது ஒப்பிட்டுப் பெறும் மதிப்பு. பக்கத்தில் இன்னும் தீவிரமான பக்தர் வந்து நின்றால் அது ஆட்டம் காணும். பிறவியோடு வந்த மதிப்பு யாரையும் கீழே வைத்துத் தன்னை அளப்பதில்லை. தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் அதற்கே துணிவு உண்டு. தவறு செய்துவிட்டேன் என்று சொல்வதால் தம் மதிப்பு முழுவதும் போய்விடாது என்று அறிந்தவரால்தான் உண்மையாக மன்னிப்புக் கேட்க முடியும், திருந்தவும் முடியும். தாம் பயனற்றவர் என்று ஏற்கெனவே நம்புகிறவருக்கு, திருந்துவதற்கான காரணமே தெரியாது.

ஆன்மிகத்தில் தன்மதிப்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. தமக்குள் காணும் இறைவனை அடுத்தவருக்குள்ளும் காண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரிந்த ஒளி தமக்கு மட்டும் உரியது என்று எண்ணினால் அது ஆணவம். இதே ஒளி பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடமும், வாசலுக்கு வெளியே நிற்பவரிடமும் இருக்கிறது என்று உணர்ந்தால் அதுவே பக்தி. வைகுண்டர் கண்ணாடியோடு கிணற்றையும் பந்தியையும் சேர்த்தே வைத்ததன் பொருள் இதுதான். தம்மைக் கண்டவர்கள் பிறரையும் காண வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.